ஓசையின்றி நடப்பவன்



சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், ஒரு தாய் மட்டும் ஆலயத்தின் பக்கவாயிலருகே காத்து நின்றார். முகத்தில் கலக்கம் தெரிந்தது. "சாமி, நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வந்து என் மகனுக்குப் புத்தி சொல்லணும்" என்றார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். பங்கின் பாடகர் குழுவில் பாடுபவன். நான் நன்கு அறிந்த பிள்ளை. அப்படி என்னதான் செய்துவிட்டான் என்று வினவினேன்.

"ராத்திரியானால் விளக்கை அணைச்சிட்டு, காதில் எதையோ மாட்டிக்கிட்டு, கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திடுறான். என்னடா அதுன்னு கேட்டா, 'திருடன்' என்கிற விளையாட்டாம். வீடு புகுந்து திருடுவதுதான் ஆட்டமாம். நம்ம வீட்டில் இப்படி ஒரு படிப்பா சாமி?"

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, கணினி விளையாட்டுகளைக் கண்டித்து மறையுரையில் நீண்ட நேரம் பேசியிருக்கிறேன். அன்றுவரை அப்படிப்பட்ட விளையாட்டு ஒன்றையும் நான் ஐந்து நிமிடமேனும் அமர்ந்து பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பழித்தோமே என்ற உறுத்தல் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. ஆகவே, புத்தி சொல்வதற்கு முன் பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்து அந்த வீட்டிற்குச் சென்றேன்.

அறை இருண்டிருந்தது. "விளக்கை ஏன் அணைத்திருக்கிறாய் தம்பி?" என்றேன். "வெளிச்சம் இருந்தால் திரையிலுள்ள இருட்டு தெரியாது ஃபாதர்" என்றான். அந்த மறுமொழியே எனக்குப் புதுமையாயிருந்தது. காதிலிருந்த கருவியைக் கழற்றி ஒலியை அறைக்குள் திறந்துவிட்டான். வெடியோசை, துப்பாக்கி, அலறல் ஆகியவற்றை எதிர்பார்த்து நான் அமர்ந்திருக்க, திரையில் ஏறக்குறைய ஒன்றுமே நிகழவில்லை. ஒரு கல் மண்டபத்தின் மூலை. தொலைவில் எரியும் பந்தம். எங்கோ ஒரு காவலாளின் காலடி. கதைத் தலைவன் நிழலில் அசையாது நிற்கிறான். காலடி நெருங்குகிறது, கடக்கிறது, தேய்கிறது. பிறகுதான் பையனின் விரல் அசைந்தது. நான் கண்ட முதல் ஐந்து நிமிடங்களில் அவன் செய்த பெரிய செயல் காத்திருந்ததே.

இந்த விளையாட்டின் முழுப்பெயர் 'தீஃப்: த டார்க் ப்ராஜெக்ட்'. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம் இதனை ஆக்கியது; 1998-ஆம் ஆண்டின் இறுதியில் இது வெளிவந்தது. ஒளிந்து செல்வதையே ஆட்டமாக்கிய படைப்புகள் அதற்கு முன்னரும் உண்டு. 1981-இல் 'காசில் வுல்ஃபென்ஸ்டைன்' வந்தது. 1987-இல் ஜப்பானியரான ஹிடியோ கோஜிமா 'மெட்டல் கியர்' என்பதை ஆக்கினார். அக்காலத்துச் சிறு கணினியால் பல வீரர்களையும் குண்டுகளையும் ஒரே திரையில் இயக்க முடியாமற்போகவே, போரிடுவதை விட்டு ஒளிந்து செல்வதை ஆட்டமாக்கினார் என்பர். குறையிலிருந்து பிறந்த நிறைவு எனலாம். ஆனால் அவற்றிலெல்லாம் ஆடுபவன் மேலிருந்து பார்க்கிறான். காவலர் எங்கே நிற்கின்றனர், எத்திசை நோக்குகின்றனர் என்பதெல்லாம் அவனுக்குக் கண்கூடு. 'தீஃப்' விளையாட்டிலோ ஆடுபவன் கதைத் தலைவனின் கண்களாலேயே பார்க்க வேண்டும். சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார் என்று காட்டும் கருவி ஒன்றும் இல்லை. கையால் கிறுக்கிய ஒரு வரைபடம் மட்டும் உண்டு, அதுவும் அரைகுறையானது.

வியப்பு என்னவெனில், தொடக்கத்தில் இது வாட்போர் விளையாட்டாகவே திட்டமிடப்பட்டது. ஆர்தர் மன்னன் கதையைத் தலைகீழாக்கி, அவனையே கொடியவனாக்கி, வாள்வீச்சை நடுவில் வைத்து ஆக்கத் தொடங்கினர். பணி நடக்க நடக்க, வாள்வீச்சைக் காட்டிலும் பதுங்கிச் செல்வதிலேயே சுவை இருக்கக் கண்டு பாதையை மாற்றிக்கொண்டனர். தொடங்கியதைத் துணிந்து கைவிட்ட அந்த முடிவே இதனைச் சிறக்கச் செய்தது என்பது என் எண்ணம்.

இனி ஆட்டம் இயங்கும் முறைக்கு வருவோம். திரையின் கீழ்ப்பகுதியில், நடுவே, சிறு மணி ஒன்று பதித்தாற்போல் இருக்கிறது. தலைவன் வெளிச்சத்தில் நின்றால் அது ஒளிர்கிறது, நிழலுக்குள் போனால் மங்குகிறது, காரிருளில் கறுத்துப்போகிறது. பிறர் கண்ணுக்கு அவன் எவ்வளவு தெரிகிறான் என்பதன் அளவுகோல் அது. உருவிய வாளைக் கையில் ஏந்தினால் மேலும் எளிதில் கண்ணில் படுகிறான். சுவரிலே பந்தம் எரிந்தால், தண்ணீர் நிரம்பிய அம்பை எய்து அதனை அணைத்துவிடலாம். மின்விளக்கை அவ்வாறு அணைக்க இயலாது. ஆகவே அந்த விளையாட்டில் ஒரு வீட்டிற்குள் நுழைந்ததும் பையனின் கண் முதலில் தேடுவது பொன்னையன்று, விளக்கையே.

ஒளியைக் காட்டிலும் ஒலியிலேதான் இதனை ஆக்கியோரின் திறம் வெளிப்படுகிறது. பணியின் தலைவராயிருந்த கிரெக் லோபிக்கோலோ, ஒலியமைத்த எரிக் புரோசியஸ் ஆகிய இருவரும் முன்னர் பாஸ்டன் நகரத்து இசைக்குழு ஒன்றில் ஒன்றாக இசைத்தவர்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பு அடங்கிவிட்டது. தரைக்குத் தரை காலடியோசை வேறுபடுகிறது. கம்பளத்திலும் புல்லிலும் நடந்தால் ஓசை மிகக் குறைவாகவே எழும். பளிங்குக் கல்லில் 'டக் டக்' என்று எதிரொலிக்கும். இரும்புத் தகட்டில் ஊரே விழித்துக்கொள்ளும். ஓடினால் மிகுதி, நடந்தால் குறைவு, குனிந்து ஊர்ந்தால் அதனினும் குறைவு. பாசி தெளிக்கும் அம்பு ஒன்றும் உண்டு. கல் தரையில் அதனை எய்தால் மெத்தென்ற பச்சை விரிப்பு உண்டாகும். அதன்மேல் ஓசையின்றிக் கடக்கலாம்.

ஒலி சுவரை ஊடுருவி நேர்க்கோட்டில் வந்துவிடுவதில்லை. கதவுகள், நடைவழிகள், படிக்கட்டுகள் வழியே வளைந்து சுற்றித்தான் வருகிறது. மூடிய கதவு அதனை மங்கச் செய்கிறது. ஒரு கதவின்மேல் சாய்ந்து ஒட்டுக்கேட்டால், அப்புறத்துப் பேச்சு சற்றுத் தெளிவாகக் கேட்கும். ஆடுபவன் காவலனைக் கேட்பது எவ்வாறோ, காவலனும் ஆடுபவனை அவ்வாறே கேட்கிறான். இருவருக்கும் ஒரே சட்டம். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காவலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் முணுமுணுக்கிறார்கள், சீழ்க்கை அடிக்கிறார்கள், குளிரைக் குறைகூறுகிறார்கள். முதற்கட்டத்தில், பாஃபோர்டு என்னும் பிரபுவின் மாளிகை வாயிலில் நிற்கும் இரு காவலர் கரடிச் சண்டையைப் பற்றி உரையாடுவது கேட்கச் சுவையானது. ஓர் ஓசை கேட்டால் உடனே ஓடிவருவதில்லை. "என்ன அது?" என்று ஒரு கணம் நிற்பார்கள். மறுபடி கேட்டால் தேடத் தொடங்குவார்கள். கண்ணால் கண்டுவிட்டால்தான் கூச்சலும் துரத்தலும். ஒன்றும் அகப்படாவிடில், எலியாயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மெல்ல மெல்லப் பழைய நடைக்குத் திரும்புவார்கள்.

இந்தக் காவலரின் அறிவை அமைத்த முறையினை, தலைமை நிரலாளராயிருந்த டாம் லியோனார்டு 2003-ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். காவலனின் பார்வை ஒரே விரிவுடையதன்று. நேரே நெடுந்தூரமும், ஓரக்கண்ணில் குறுந்தூரமுமாகப் பல கூம்புகளாகப் பிரிக்கப்பட்டது. கண்டதற்கும் செயற்படுவதற்கும் இடையே சிறு தாமதம் வைத்தார்கள். ஆடுபவன் தன் பிழையை உணர்ந்து ஓரடி பின்வாங்க அவகாசம் கிடைக்கட்டும் என்பதற்காக. தலைவன் கண்ணிலிருந்து மறைந்த பின்னரும் சிறிது நேரம் அவன் இருப்பிடம் காவலனுக்கு இலவசமாகத் தெரிவிக்கப்படுகிறதாம். சிந்தித்து ஊகிப்பவனைப்போல் தோன்ற வேண்டுமே! காவலன் மிகுந்த அறிவாளியாயிருப்பதைக் காட்டிலும், அவன் மனத்தில் ஓடுவது ஆடுபவனுக்குப் புரியும்படி இருப்பதே முக்கியம் என்று அவர்கள் கருதினார்கள். பிறர் மனநிலையை அவர் குரலைக் கொண்டே அறிவது ஒரு பயிற்சிதானே. நம் வீடுகளில் எத்தனை பேர் அதனைப் பயின்றிருக்கிறோம்!

கதைத் தலைவன் பெயர் காரெட். வலியவன் அல்லன். ஒரு காவலனோடு வாட்போர் புரிந்து பிழைக்கலாம். இருவர் வந்தால் பெரும்பாலும் முடிந்தது. பட்ட காயம் தானே ஆறுவதில்லை. எனவே போரிடுவது அங்கே வீரமன்று, பிழையின் விளைவு. வல்லமையை ஏற்றி ஏற்றிக் கொடுத்து ஆடுபவனை மயக்கும் விளையாட்டுகளுக்கு நடுவே, வலியற்றவனாக இரு, கவனமாக இரு என்று கட்டாயப்படுத்துகிற ஒரு விளையாட்டு இது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இதைக் கேட்டபோதுதான். கடினத்திற்கு இதிலே மூன்று படிகள் உண்டு. பிற விளையாட்டுகளில் கடினம் என்றால் எதிரி வலுப்பான், அடி கூடும், மருந்து குறையும். இதிலோ படி ஏற ஏறக் கட்டளைகள் கூடுகின்றன. கீழ்ப்படியில் கொல்லலாம். மேற்படியிலோ பெரும்பாலான கட்டங்களில் மனிதர் எவரையும் கொல்லலாகாது. ஒருவனைக் கொன்றாலும் ஆட்டம் தோல்வியென்று அங்கேயே நின்றுவிடும். கொல்லாமல் செல்பவனே வல்லவன் என்று இந்த விளையாட்டு கணக்கிடுகிறது. மறையுரையில் நான் பழித்தபோது, இப்படி ஒரு கணக்கு எங்கும் இருக்கக்கூடும் என்று நினைத்தும் பார்க்கவில்லை.

ஆனால் அந்த மேற்படியின் கட்டளைப் பட்டியலை முழுவதும் படித்தபோது என் மகிழ்ச்சி பாதியாயிற்று. கொல்லாதே என்று சொல்லும் அதே படி, கீழ்ப்படியைக் காட்டிலும் மிகுதியாகத் திருடச் சொல்கிறது! இத்தனை மதிப்புள்ள பொருளைச் சேர்த்தால்தான் வெற்றி என்று தொகையை உயர்த்திவிடுகிறது. கையில் இரத்தக்கறை கூடாது. பை மட்டும் நிறைய வேண்டும். எடுக்கும் பொருள் யாருடையது என்று கணக்கு பார்ப்பதில்லை, தொகையை மட்டும் பார்க்கிறது. ஐந்தாம் கட்டளைக்கு அத்தனை மதிப்பளித்தவர்கள் ஏழாம் கட்டளையை எங்கே விட்டார்கள் என்று பையனிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். "திருட்டுப் போகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் ஃபாதர்" என்றான். உண்மைதான்; கதை அவர்களைப் பெரும்பாலும் கொழுத்த செல்வராகவோ கொடியவராகவோதான் காட்டுகிறது. "ஏன் எல்லாரும் அப்படியே இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "இல்லாவிட்டால் விளையாட மனசு வராது" என்றான். இந்த விளையாட்டைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களிலே மிகக் கூர்மையானது இதுவே. அவனுக்கே அது சொன்ன பிறகுதான் உறைத்தது போலும்; சிறிது நேரம் பேசாதிருந்தான்.

திருட்டின் வரவு செலவில் நான் பாராட்டும் ஒன்றும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் கிடைத்த பணத்தைக் கொண்டு அடுத்த கட்டத்திற்கு வேண்டிய அம்புகளும் கருவிகளும் வாங்கலாம். செலவிடாத பணம் அடுத்த கட்டத்திற்கு வாராது, மறைந்துவிடும். சேர்த்துக் குவித்துச் செல்வனாக வழியே இல்லை. வாடகை கொடுக்கவே திருடப் புறப்பட்ட காரெட், ஒவ்வொரு முறையும் ஏழையாகவே தொடங்குகிறான்.

ஆட்டத்தின் அமைப்பில் வேறு குறைகளும் உள. குறுந்தடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பின்னால் சென்று தலையில் ஓர் அடி அடித்தால் காவலன் மயங்கி வீழ்வான். கட்டம் முடியும்வரை எழமாட்டான். கொல்லவில்லை, ஆகவே கட்டளை மீறப்படவில்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லாரையும் இவ்வாறு வீழ்த்தி இருட்டு மூலையில் அடுக்கிவிட்டால், பிறகு அந்த மாளிகையில் விளக்கேற்றிக்கொண்டே நடக்கலாம். அச்சமுமில்லை, ஆட்டமுமில்லை. மேலும், பந்தம் திடீரென அணைந்தாலும் காவலன் அதனைப் பொருட்படுத்துவதில்லை. தான் காக்கும் மண்டபம் இருண்டுபோனதைக் கவனியாதவன் என்ன காவலன்?

எந்தக் கணத்திலும் ஆட்டத்தைச் சேமித்து வைத்து, தவறினால் அந்த இடத்திற்கே திரும்பும் வசதியும் இருக்கிறது. பொறுமையைக் கற்பிக்கும் ஆட்டத்தில் பொறுமையின்மைக்கு இது ஒரு திறந்த வாசல். பத்தடிக்கு ஒருமுறை சேமித்து, தவறித் தவறி ஆடுபவனுக்கு எதற்கும் விலையில்லை. நம் பையனும் அப்படித்தான் தொடங்கினானாம். பிறகு ஒரு கட்டத்திற்கு இருமுறைக்கு மேல் சேமிப்பதில்லை என்று தானே ஒரு விதி வைத்துக்கொண்டானாம். அதன் பிறகே அச்சம் வந்தது, அதன் பிறகே சுவையும் வந்தது என்றான்.

நடுப்பகுதியில் பிணங்கள் எழுந்து நடக்கும் சுரங்கங்களும் கல்லறைகளும் வருகின்றன. மனிதர் வாழும் மாளிகைகளில் காணும் நுட்பம் அங்கே இல்லை. முணுமுணுத்துத் தன் மனத்தைக் காட்டிக்கொள்ளும் காவலன் இருந்த இடத்தில், அறிவற்ற பேய் ஒன்றை நிறுத்தினால் ஒளிவதற்கு என்ன பொருள்? அவை கோரமாகவும் இருக்கின்றன, இரத்தமும் உண்டு. சிறுவர்க்கு இது ஏற்றதன்று என்பதைப் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும். சம்மட்டியைச் சின்னமாகக் கொண்ட ஒரு துறவற சபையும் கதையில் வருகிறது, மிகக் கடுமையானவர்கள். அவர்களைக் காட்டும்போது பையன் என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். நான் கோபித்துக்கொள்ளவில்லை, சில பழைய மேலாளர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இதன் இரண்டாம் பாகம் 2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வந்தது. பேய்களைக் குறைத்து மாளிகைகளை மிகுதியாக்கினார்கள். அந்த மே மாதத்திலேயே நிறுவனம் மூடப்பட்டது. 2004-இலும் 2014-இலும் வேறு நிறுவனங்கள் அதே பெயரைத் தொடர்ந்தன. நான் அவற்றைச் சிறிதளவே பார்த்தேன். 2014-இல் வந்தது கண்ணுக்கு அழகாயிருந்தது, காதிற்கு அத்தனை வேலை தரவில்லை. முதல் விளையாட்டின்மேல் பற்றுக்கொண்டவர்கள் சேர்ந்து 'த டார்க் மாட்' என்று ஒன்றை ஆக்கி, 2009-ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே வழங்கிவருகிறார்கள்.

அன்றிரவு அந்தத் தாய்க்கு நான் சொன்னவை இரண்டே. மகன் திருடப் பழகவில்லை, அதைப்பற்றி அஞ்ச வேண்டாம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் கணினி எரியக்கூடாது. தூக்கத்தைத் திருடுவதும் திருட்டுதான். பையன் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டான். பிறகு, "நீங்க ஒரு தடவை ஆடிப் பாருங்க ஃபாதர்" என்று தன் நாற்காலியை எனக்குத் தந்தான்.

பாஃபோர்டு மாளிகையின் பளிங்குக்கல் மண்டபம். குறுக்கே கடந்து எதிர்க்கதவை அடைய வேண்டும். முதல் முறை ஓடினேன், பிடிபட்டேன். இரண்டாம் முறை மெல்ல நடந்தேன், பாதியிலே பொறுமையிழந்து விரைந்தேன், பிடிபட்டேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு குரு, மூன்று மணி நேரம் தியானம் நடத்தத் தெரிந்தவர், அரை நிமிடம் சும்மா நிற்க இயலாதவராயிருந்தார். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். மூன்றாம் முறை தூணின் நிழலில் நின்றபோது, கையில் காபித் தம்ளருடன் வாயிற்படியில் நின்றிருந்த தாயின் குரல் பின்னாலிருந்து கேட்டது:

"அசையாதீங்க சாமி! வலது பக்கமிருந்து வர்றான், காலடி கேட்குது."

நின்றேன். காவலன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எங்கள் மூவரையும் கடந்து போனான். காபி ஆறிக்கொண்டிருந்தது, அதை வாங்கிக்கொள்ள எனக்கும் தோன்றவில்லை, கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை.